காகிதம் அசையக் கூடாது

ஆங்கிலம் சரியாக வராதவர்களை ஓரங்கட்டிக்கொண்டிருந்த எங்கள் ஆபீஸ், ஒரு திங்கட்கிழமை முதல் ஆங்கிலம் ரொம்பச் சரியாகப் பேசுகிறவர்களை ஓரங்கட்டத் தொடங்கியது. முதலில் மாட்டியது நான். அத்தனை பேருக்கும் பேசச் சொல்லிக்கொடுத்த டீச்சரே நான்தான் என்பதால் அதில் ஒரு நியாயம் இருந்தது என்று இப்போது வேண்டுமானால் சொல்லலாம். அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் கையில் கிடைத்ததை எடுத்து வீசியிருப்பேன்.

எங்களுடையது கால் சென்டர். கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு தேசத்தில் ஒருத்தி வீட்டு வாஷிங் மெஷின் தண்ணீரைக் கக்கினால், இன்னொருத்தி வீட்டு ஃபிரிட்ஜ் உறுமினால், மணி எங்கள் மூன்றாம் மாடியில் அடிக்கும். எடுத்துப் பேசுகிறவர்கள் அவளுக்குப் பக்கத்துத் தெருவில் உட்கார்ந்திருப்பது போலப் பேச வேண்டும். அப்படிப் பேச வைப்பது என் வேலை. எல்லாரும் என்னைக் 'காகிதம் டீச்சர்' என்பார்கள். டிஷ்யூ காகிதத்தை நாடா போலக் கிழித்து, புதிதாக வருகிறவர்களின் உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டு, 'பேப்பர்' என்று சொல்லச் சொல்வேன். நாம் சொல்கிற 'பே' காற்றைச் செலவழிக்காத சிக்கனமான 'பே'. காகிதம் அப்படியே தொங்கும். அவர்களுடைய 'பே'யில் ஒரு ஊதல் உண்டு. காகிதம் துள்ள வேண்டும். துள்ளினால் மூன்றாம் மாடி, துள்ளாவிட்டால் இரண்டாம் மாடி.

இரண்டாம் மாடியில் மெயிலுக்குப் பதில் அடிப்பார்கள். காலையில் வந்து உட்கார்ந்தால் மாலை வரை கொட்டாவிக்குத் தவிர யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நாங்கள் அதற்கு 'விரத மாடி' என்று பெயர் வைத்திருந்தோம். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் அந்த மாடியைக் கடக்கும்போது மட்டும் நான் இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறுவேன். பிறந்ததிலிருந்து வாயால் பிழைத்தவள் நான். என்னை அங்கே உட்கார வைப்பதற்குப் பதில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடலாம்.

ஆங்கிலம் ஒன்றுதான், ஊருக்கு ஒரு வாய் என்று வகுப்பில் சொல்வேன். குளிர் தேசத்துக்காரர்கள் பாதி எழுத்தை விழுங்குவார்கள், வாயைத் திறந்தால் குளிர் உள்ளே போய்விடும் என்பது போல. இன்னொரு தேசத்துக்காரர்களுக்கு எல்லா வாக்கியமும் கேள்வி. 'என் பெயர் இது' என்பதைக்கூட உங்களிடம் அனுமதி கேட்கிற மாதிரிதான் சொல்வார்கள். தீவுக்காரர்கள் பாடுவார்கள். இன்னும் சில ஊர்களில் நம்மைப் போலவே கடன் வாங்கிய ஆங்கிலத்தைத் தலைமுறை தலைமுறையாகப் புழங்கி, சொந்தச் சொத்தாகவே ஆக்கிக்கொண்டுவிட்டார்கள். எனக்கு அத்தனை வாயும் அத்துப்படி. தீவுக்காரிக்குத் தீவுக்காரி, குளிர்காரிக்குக் குளிர்காரி. என்னுடைய வாய் எது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

வீட்டில் ஒரு நாத்தனார் உண்டு. இவருடைய தங்கை. மருந்துக் கடையில் பில் போடுகிறாள். எங்களோடுதான் இருக்கிறாள். அவளும் ஆங்கிலம் பேசுவாள். அது ஆங்கிலம்தான் என்பதற்கு அவளைத் தவிர வேறு சாட்சி கிடையாது. காகிதத்தை அவள் முன்னால் தொங்கவிட்டால் புயலடித்தாலும் அசையாது. ஆனால் கேஸ் கம்பெனியோ பேங்க்கோ, அவள் போனில் நாலு வார்த்தை போட்டால் காரியம் முடிந்துவிடும். நான் பேசினால், "மேடம், நீங்க எந்த நாட்டுலேருந்து பேசறீங்க?" என்று கேட்பார்கள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை எங்கள் மேனேஜர் எல்லாரையும் ஹாலில் கூட்டினார். மேலிடம் சொன்னதற்கு அவர் மாற்றுச் சொல் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது, அதனால் அவருக்கு 'ஆமாம்சாமி' என்று பெயர். பக்கத்தில் ஒரு வெளிநாட்டு அதிகாரி நின்றிருந்தார். மெலிந்த மனிதர். பேசினால் முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் கேட்கும், நடுவில் உள்ளதெல்லாம் அவருடைய சட்டைக் காலருக்கே சொந்தம். மதியத்துக்குள் அவருக்கு 'முணகல் துரை' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

துரை முணகியதை ஆமாம்சாமி விளக்கினார். இப்போதெல்லாம் அங்கே மெஷின்களே போனை எடுத்துப் பேசுகின்றன. பிசிறில்லாத, சுத்தமான ஆங்கிலம். அதுபோதாதென்று ஜனங்களும் தங்கள் சார்பில் புகார் சொல்ல ஒரு மெஷினை வைத்துக்கொண்டுவிட்டார்கள். மெஷினுக்கு மெஷின் போன் போட்டு மரியாதையாகப் பேசிக்கொண்டே இருக்கின்றன, துணி மட்டும் துவைபடுவதில்லை. ஆகவே பிசிறில்லாத குரலைக் கேட்டாலே அங்கே எல்லாருக்கும் எரிச்சல். மனுஷர்கள் வேண்டும் என்கிறார்கள். மனுஷர் என்றால் ஏதாவது ஓர் ஊரின் வாடை பேச்சில் அடிக்க வேண்டும்.

"ஆகையால, இனிமே நாம நம்ம மாதிரியே பேசணும்," என்றார் ஆமாம்சாமி. "அதுக்குப் பயிற்சி உண்டு."

"நம்ம மாதிரி பேச நமக்கு எதுக்கு சார் பயிற்சி?" என்று யாரோ கேட்டார்கள்.

"மேலிடம் கையேடே அனுப்பியிருக்கு," என்றார் அவர், அதற்கு மேல் கேள்வி இருக்க முடியாது என்ற நிச்சயத்தோடு.

கையேட்டைப் பார்த்தேன். நம்மைப் போலப் பேசுவது எப்படி என்று, நம் பக்கம் தலைவைத்தும் படுக்காத யாரோ எழுதியது. நாக்கை மடித்து மேலண்ணத்தில் தட்டவும். கேள்வி கேட்கும்போது தலையை இடவலமாக ஆட்டவும், தலை ஆடுவது குரலில் தெரியும். ஊதல் கூடவே கூடாது. அந்த இடத்தில் ஒரு படம். உதட்டுக்கு முன்னால் ஒரு காகித நாடா. கீழே, 'காகிதம் அசையக் கூடாது' என்று ஆங்கிலத்தில்.

என் காகிதம்! எனக்கு வந்த கோபத்தில் கண்ணே தெரியவில்லை.

முதல் பரீட்சையில் மூன்றாம் மாடியில் பாதிப் பேர் சுலபமாகத் தேறினார்கள். கான்டீனில் பேசுவது போல மைக்கில் பேசினார்கள், அவ்வளவுதான். என் முறை வந்தது. மைக்குக்கு முன்னால் நாடா தொங்கியது. 'பேப்பர்' என்றேன். துள்ளியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். துள்ளியது. உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அது என்னைக் கண்டு குதூகலித்த மாதிரி எழும்பிக் குதித்தது. பரீட்சை மெஷின் 'ஊர் தெரியவில்லை' என்று திரையில் எழுதிக் காட்டியது.

ஆமாம்சாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னும் ரெண்டு வாய்ப்பு இருக்கு மேடம். வரலேன்னா ரெண்டாம் மாடி. நான் என்ன செய்ய, மேலிடம்."

"சார், நான் இந்த ஊர்க்காரி. இதே ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்."

"தெரியும் மேடம். குரல்ல தெரியலையாம்."

வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று தலையை ஆட்டி ஆட்டிப் பழகினேன். இவர் கதவைத் தட்டி, "பல்வலியா?" என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டு போங்கள் என்றேன். அப்போதுதான் கூடத்தில் நாத்தனார் கொரியர்காரனை ஆங்கிலத்தில் வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அடடா, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறேனே என்று தோன்றியது. போனை எடுத்து, கதவுக்குப் பின்னால் நின்று, அவள் பேசியதை அப்படியே பதிவு செய்துகொண்டேன். அடுத்தவர் வாயை அப்படியே எடுக்கிற வித்தையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. எத்தனையோ தேசத்து வாயை எடுத்தவளுக்கு நாத்தனார் வாய் எம்மாத்திரம்? வாரக் கடைசிக்குள் அவள் இழுக்கிற இடம், முழுங்குகிற இடம், நடுவில் ஒரு 'ஹாங்', எல்லாம் என் வசம்.

இரண்டாம் பரீட்சையில் துரையே எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் பேசினேன். காகிதம்கூடப் பாதிக்குப் பாதி அடங்கியது. எனக்கே பெருமையாக இருந்தது. துரையின் முகம் மட்டும் கறுத்துக்கொண்டே போனது. கடைசியில் முதல்முறையாக எல்லா வார்த்தையும் கேட்கும்படி பேசினார். உள்ளூர் மக்கள் பேசுவதை நான் கேலி செய்கிறேனாம். இந்த நிறுவனம் எந்த மக்களையும் இழிவு செய்ய இடம் கொடுக்காதாம்.

"நான்தாங்க உள்ளூர் மக்கள்," என்றேன்.

"மன்னிப்புக் கேட்டுடுங்க மேடம்," என்று ஆமாம்சாமி காதோரம் சொன்னார். கேட்டேன். நம் மக்களைப் போலப் பேசியதற்காக நம் மக்களிடம் மன்னிப்பு, கடல் கடந்து வந்தவர் வழியாக.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்று மாலை நான் செருப்பைக் கழற்றும்போதே கூடத்தில், காலையில் நான் மறந்து விட்டுப்போன போனிலிருந்து நாத்தனாரின் குரல் கேட்டது. எனக்கு வந்திருந்த ஏதோ ஒரு போட்டோவைத் தேடி அவள் என் போனைத் திறந்திருக்கிறாள். வழக்கமாக நடப்பதுதான், எங்கள் வீட்டில் போனுக்குப் பூட்டுக் கிடையாது. முதலில் அவள் கொரியர்காரனைத் திட்டியது. அடுத்தது, அதையே நான் பேசிப் பழகியது. ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுவிட்டாள்.

"நான் பேசறது உங்களுக்கு நாடகமா அண்ணி?" என்றாள்.

"அதில்லம்மா, ஆபீஸ்ல ஒரு பரீட்சை..."

"உங்க முன்னாடி நான் போன்ல பேசவே மாட்டேன். கூச்சமா இருக்கும். நீங்க குளிக்கப் போனப்புறம்தான் கொரியருக்கே போன் போட்டேன்." அவள் அழவில்லை. போனைத் துடைத்து, என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. அவளுக்கு என் முன்னால் வாய் வராது என்பதே எனக்கு அதுவரை தெரியாது. வீட்டிலேயே ஒரு விரத மாடியை நடத்தி வந்திருக்கிறேன்.

மூன்றாவது பரீட்சைக்கு மைக் கிடையாது, நிஜமான போன். முதலில் வருகிற அழைப்பை எடுக்க வேண்டும். துரையும் ஆமாம்சாமியும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஒட்டுக் கேட்பார்கள். ஒரு வயதான அம்மாள் வந்தாள். அவள் பேசியது ஆங்கிலம். எனக்கு அது தமிழில்தான் நினைவிருக்கிறது, ஏனென்றால் திட்டு வாங்கினால் எனக்கு எல்லாம் தமிழில்தான் பதியும்.

"நீ மெஷினா?" என்பதுதான் முதல் கேள்வி.

கையேட்டின்படி தலையை ஆட்டி, நாக்கை மடித்து, இல்லை அம்மா, நான் மனுஷி என்றேன்.

"ஓஹோ, இப்ப இதையும் கத்துக்கிட்டீங்களா?" என்று சிரித்தாள். "போன வாரம் ஒரு மெஷின் இதேமாதிரிதான் பேசிச்சு. மனுஷங்க யாராவது இருந்தா குடு."

புது வாஷிங் மெஷின் வாங்கியிருக்கிறாள். போட்டால் அது குதித்துக் குதித்து அறையைத் தாண்டி நடைக்கு வந்துவிடுகிறதாம். மாடல் எண்ணைக் கேட்டேன். சொன்னாள். நான் தேடுவதற்குள் இன்னொரு தரம் சொன்னாள். அப்புறம் மெஷின் நடந்துவந்து பூனையின் கிண்ணத்தை உடைத்த கதை. அப்புறம் எண். அப்புறம், "இருக்கியா, இல்லையா? மெஷின்னா இந்நேரம் கண்டுபிடிச்சிருக்குமே!"

"அய்ய, இரும்மா!" என்றேன். தமிழில்தான் வந்தது. பின்னாலேயே ஆங்கிலமும் கொட்டியது. "எனக்கென்ன பத்துக் கையா இருக்கு? ஒரு கையிலதானே தேட முடியும்! நீ மூச்சு விடாம பேசினா நான் எதைப் பார்க்கிறது? மெஷினுக்குப் பின்னாடி போய்ப் பாரு. பெரிய பெரிய போல்ட் இருக்கா? இருக்கா? அது லாரியில வரும்போது ஆடாம இருக்கப் போட்டது. அதைக் கழட்டாம யாராவது துணியைப் போடுவாங்களா? கட்டிப்போட்ட மாட்டை ஓடச் சொன்னா கட்டுத்தறியோடதான் ஓடும்!"

போச்சு, வேலையும் போச்சு மானமும் போச்சு என்று நினைத்தேன். பிறகு அந்த அம்மாள் நிதானமாகச் சொன்னாள்: "அப்பாடா. மனுஷி கிடைச்சிட்டா."

அதற்குப் பிறகு நெடுநேரம் பேசினோம். போல்ட்டைக் கழற்ற ஸ்பேனர் தேடினாள், கிடைக்கும்வரை அவள் கணவரை இருவருமாகத் திட்டினோம். பேச்சு முடிந்தபோதுதான் போனின் வாய்ப்பக்கம் அவர்கள் ஒட்டியிருந்த நாடாவைப் பார்த்தேன். போடுவதற்கு 'புட்', கட்டுத்தறிக்கு 'போஸ்ட்', ஜனங்களுக்கு 'பீப்பிள்' என்று அத்தனை 'ப'வை ஆங்கிலத்தில் கொட்டியும் அது தூக்குக்குண்டு கட்டிய மாதிரி நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது எங்கிருந்து வந்த குரல் என்று எனக்கு உடனே தெரிந்தது. கொரியர்காரனைத் திட்டிய குரல் இல்லை. நாத்தனாரிடம், இவரிடம், கொதிக்கும் பாலிடம் நான் பேசுகிற குரல். அதற்கு ஆங்கிலமும் தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

இதுவரை யாரும் வாங்காத மதிப்பெண் என்றார் ஆமாம்சாமி. துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருடைய முணகலில் பாதி எனக்கு அப்போது புரிய ஆரம்பித்திருந்தது. அவர் ஊரிலும் ஆங்கிலம் வந்தேறிதானாம். பள்ளிக்கூடத்தில் அவருடைய ஊர்ப் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்களாம், அன்றைக்குக் குறைத்த சத்தத்தை இன்னும் கூட்டவில்லையாம். எனக்கு அந்த மனிதர் மேல் முதல்முறையாகப் பிரியம் வந்தது. வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அய்ய இரும்மான்னா சொன்னீங்க? வெளிநாட்டுக்காரிகிட்டயா?" என்று வாய்விட்டுச் சிரித்தாள். கோபம் அதோடு போயிற்று. அன்று என் முன்னாலேயே உட்கார்ந்து பேங்க்குக்குப் போன் போட்டாள்.

அப்புறம் எனக்கு ராஜ மரியாதைதான். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, வாக்கியங்களைக் கொடுத்துப் பதிவு செய்தார்கள். புதிதாக வருகிறவர்கள் கேட்டுப் பழகுவதற்காம். கோபமாக ஒரு தரம், பொறுமையாக ஒரு தரம், சிரித்துக்கொண்டு ஒரு தரம். அடுத்த வாரமும் பதிவு, அதற்கடுத்த வாரமும் பதிவு. சூடான டீ கேட்காமலே வரும். நான் பேசினேன். எதைக் கொடுத்தாலும் என் வாயில், என் சொந்த வாயில் பேசினேன். இத்தனை காலம் பூட்டி வைத்திருந்ததை வட்டியோடு பேசித் தீர்த்தேன் என்றே சொல்ல வேண்டும். நடுவில் ஒரு நாள் துரை சிரித்துக்கொண்டே சொன்னார், அந்த அம்மாள் தன் ஊரெல்லாம் 'இரும்மா' என்ற வார்த்தையைப் பரப்பிவிட்டாளாம். அங்கே பூனையிடம் சொல்கிறார்களாம், கணவரிடம் சொல்கிறார்களாம். துரையே லிஃப்ட் கதவு மூடும்போது, "இரும்மா!" என்று கத்திக்கொண்டு ஓடுவதை நான் பார்த்தேன். நாம் அவர்கள் வாயை எடுத்தோம், இப்போது அவர்கள் நம் வாயை எடுக்கிறார்கள் என்று வகுப்பில் பெருமையடித்தேன்.

ஒரு காலையில் மூன்றாம் மாடியில் லிஃப்ட் திறந்தபோது நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். ஹெட்செட்டுகள் ஒரு அட்டைப்பெட்டிக்குள் கிடந்தன. தேறியவர்கள், தேறாதவர்கள், எல்லாரும் கைப்பையோடு நின்றார்கள். துரை நேற்றே ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள்.

"மேலிடம் முடிவு மேடம்," என்றார் ஆமாம்சாமி. அவர் கண்ணே கலங்கியிருந்தது. "கஸ்டமர்ஸ் எல்லாருக்கும் உங்க குரல்தான் பிடிச்சிருக்கு. உங்களை மட்டும் வெச்சா போதும்னு முடிவு பண்ணிட்டாங்க. மெஷின்ல."

"மெஷின்ல எதுக்கு சார்? நான்தான் இங்கேயே இருக்கேனே. நான் பேசறேன்."

"நீங்க பேச வேண்டியதையெல்லாம் பேசி முடிச்சிட்டீங்களே மேடம்."

படி வழியாக இறங்கினேன். இரண்டாம் மாடியில் எல்லாரும் குனிந்து மெயில் அடித்துக்கொண்டிருந்தார்கள். எந்த மாடிக்குப் பயந்தேனோ அந்த மாடிதான் தப்பித்திருந்தது.

சில மாதம் கழித்து எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே விடாமல் அடம்பிடித்தது. ஆபீஸில் நாங்கள் யாருக்காகப் போன் எடுத்தோமோ, அதே கம்பெனியுடையதுதான். நாத்தனார் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். எடுத்த குரல், "அய்ய, இரும்மா, ஒரு நிமிஷம்!" என்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணி! இது நீங்கதானே!"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் வாயை வைத்துக்கொண்டு என் வீட்டிலேயே வந்து பேசுகிறது! "குடு இப்படி," என்று போனைப் பிடுங்கினேன். ஆனால் போன் காதுக்கு வந்ததும் பழக்கதோஷம், முதுகு நிமிர்ந்துகொண்டது, நாக்கு நேராகிவிட்டது. ஊதலோடு, பிசிறில்லாமல், பக்கத்துத் தெரு ஆங்கிலத்தில், நான் யார் தெரியுமா என்று ஆரம்பித்தேன்.

என் குரல் என்னைப் பேச விடவில்லை. "மன்னிச்சுக்கோ, நான் மெஷின்களோட பேசறதில்லை," என்றது, பொறுமையாக, நான் பொறுமையாகப் பேசிக் கொடுத்த அதே பதிவில். "வீட்டுல மனுஷங்க யாராவது இருந்தா குடும்மா."

நாத்தனார் மெல்ல என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். அவள் தன் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தைதான் சொல்லியிருப்பாள், அந்தக் குரல் குளிர்ந்துவிட்டது. கீழே ஒரு சின்ன மூடி இருக்கும் பாரு என்றது. அதைத் திறந்து அடைப்பை எடுக்காமல் யாராவது துணியைப் போடுவாங்களா என்று திட்டியது. அவள் சிரித்தாள். அதுவும் சிரித்தது, என் சிரிப்பை. இருவரும் நெடுநாள் தோழிகளைப் போலப் பேசிக்கொண்டே போனார்கள்.

அந்த மாடலில் மூடி கீழே இல்லை, பக்கவாட்டில் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். "இல்லம்மா, அது தப்பு, நான் சொல்றேன் கேளு," என்று குறுக்கே பேசினேன்.

நாத்தனார் போனைக் கையால் பொத்திக்கொண்டு, என் பக்கம் திரும்பி, என்னுடைய அதே குரலில் சொன்னாள்.

"அய்ய, இருங்க அண்ணி. அவங்க பேசிட்டிருக்காங்கல்ல."

இருந்தேன்.